‘னி’ என்று முடியும் பெயர்கள்

பெண் குழந்தைக்கு ‘னி’ என்று முடிகிற பெயர் ஒன்று வேண்டும், பொருளையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்ற வேண்டுகோள் ஆண்டுக்கு நான்கைந்து தடவையாவது என்னிடம் வந்து சேர்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருப்பவனுக்கு எல்லாப் பெயர்களின் பொருளும் தெரிந்திருக்கும் என்பது நம்மவரின் நம்பிக்கை. “அண்ணை, மூத்தவள் நந்தினி. இவளுக்கும் ‘னி’யிலதான் முடியவேணும். கருத்துள்ள பேராப் பாத்துச் சொல்லுங்கோ” என்று கேட்பவரிடம், ஏன் அந்த எழுத்து என்று திருப்பிக் கேட்டால், அக்காவின் பெயரோடு ஒத்திசைய வேண்டும் என்பதற்கு அப்பால் பதில் கிடைப்பதில்லை.

நமது பெயரிடும் முறை இன்று ஒரு விசித்திரமான நிலைக்கு வந்திருக்கிறது. குழந்தை பிறந்த நட்சத்திரத்தின் பாதத்தைப் பார்த்து முதல் எழுத்தைச் சோதிடர் சொல்லிவிடுகிறார். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. கடைசி எழுத்தை மூத்த பிள்ளையின் பெயரோ அந்தந்தக் காலத்து மோகமோ தீர்மானிக்கிறது. எண்சாத்திரக்காரர் ஆங்கில எழுத்துக்களைக் கூட்டிப் பார்த்து நடுவில் ஒன்றைச் சேர்க்கவோ நீக்கவோ சொல்கிறார். எஞ்சியிருக்கும் ஓரிரண்டு எழுத்துக்களில்தான் பெற்றோரின் சுதந்திரம் தங்கியிருக்கிறது. இவ்வாறு முன்னும் பின்னும் கட்டப்பட்டு வந்து சேர்ந்த பெயருக்கு, அதன் பின்னரே பொருள் தேடி இணையத்தளங்களில் அலைகிறார்கள். அந்தத் தளங்களும் சளைப்பதில்லை. ‘அழகானவள்’, ‘தேவதை போன்றவள்’, ‘இனிமையானவள்’ என்று எதையாவது எதிரே எழுதி வைத்திருக்கின்றன.

உடன்பிறந்தோரின் பெயர்கள் ஒரே எழுத்தில் முடிவதை நான் குறைசொல்லவில்லை. வசந்தி, ஜெயந்தி, சுகந்தி என்று மூன்று சகோதரிகள் இல்லாத ஊர் யாழ்ப்பாணத்தில் உண்டா? முற்றத்தில் நின்று ஒரே மூச்சில் மூவரையும் சாப்பிடக் கூப்பிடலாம் என்ற வசதியும் அதில் இருந்தது. எனது முறைப்பாடு வேறு. அந்தக் கடைசி எழுத்து வெறும் ஓசையன்று. பெயரைச் சுமப்பவள் எதை உடையவள், யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதைச் சொல்லுகிற உறுப்பு அது. மூன்று வேறு உறவுகள் ‘னி’ என்ற ஒரே உடையை அணிந்துகொண்டு நிற்கின்றன. பெயர்ப் பட்டியல்கள் இதனைச் சொல்வதில்லை. (‘ணி’யையும் ‘னி’யோடு சேர்த்தே இங்கு பேசுகிறேன். இரண்டையும் பேச்சில் பிரித்தறிபவர்கள் குறைந்துவிட்டார்கள். எழுத்தில் உள்ள வேறுபாட்டுக்குப் பின்னர் வருகிறேன்.)

பெண் பெயர்களின் ஈறு எவ்வாறு மாறி வந்தது என்பதைப் பார்க்க ஆராய்ச்சி நூல் எதுவும் வேண்டியதில்லை. நமது பத்திரிகைகளின் மரண அறிவித்தல் பக்கமே போதும். உலகில் வேறெந்தச் சமூகமும் மரண அறிவித்தலில் இத்தனை பெயர்களை அடுக்குமோ தெரியவில்லை. தொண்ணூறு வயதில் காலமான ஒரு மூதாட்டியின் அறிவித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தாயார் வள்ளிப்பிள்ளை அல்லது சின்னாச்சி. தையல்முத்து, செல்லம்மா என்பனவும் அந்தக் காலத்தனவே. அவர் பரமேஸ்வரி, மகேஸ்வரி, மனோன்மணி, இந்திராணி என்ற வரிசையில் ஒருவர். மகள்மார் நளினி, மாலினி, றஞ்சினி. பேத்திகள் தர்ஷினி, சுபாஷினி, நிரோஷினி. பூட்டப்பிள்ளைகளிடம் வரும்போது ஈறு ‘யா’வுக்கும் ‘ஷா’வுக்கும் மாறி, அனன்யா, அக்‌ஷயா, அனிஷா என்றாகிறது. ‘பிள்ளை’, ‘ஆச்சி’, ‘அம்மா’ என்று மனித உறவைச் சொல்லி முடிந்த பெயர்கள் முதலில் ‘ஈஸ்வரி’ என்று தெய்வத்தில் முடிந்தன. பிறகு ‘இனி’க்கு வந்தன. நான்கு தலைமுறையின் விருப்பங்களையும் ஒரு சாண் அகலப் பெட்டிக்குள் பார்த்துவிடலாம். ‘னி’ அந்தப் பெட்டியின் நடுவே நெடுங்காலம் ஆட்சி செய்த எழுத்து. இப்போது சிறிது பின்வாங்கியிருந்தாலும் முற்றாகப் போய்விடவில்லை.

இனி அந்த எழுத்துக்குள் நுழைவோம். வடமொழியில் ‘இன்’ என்றொரு விகுதி உண்டு. ஒரு பொருளை உடையவர் என்பதை அது குறிக்கும். பெண்ணாயின் அதனோடு ‘ஈ’ சேர்ந்து ‘இனீ’ ஆகும். வடசொல் தமிழுக்கு வரும்போது ஈற்றில் நிற்கும் நெடில் ‘ஈ’ குறில் ‘இ’யாகும் என்பது நன்னூல் விதி. சீதா சீதையானது போல, மாலினீ மாலினியாகிவிடுகிறாள். மாலையை உடையவள் மாலினி. நல்ல சிரிப்பை உடையவள் சுஹாசினி. ருக்மம் என்றால் பொன், பொன்னுடையவள் ருக்மிணி. நாம் அவளை ‘ருக்மணி’ ஆக்கி, பொன்னை எடுத்துவிட்டு மணியைப் பதித்துவிட்டோம். ஆழ்வார்கள் ‘உருப்பிணி’ என்று தமிழாக்கியபோது எழுத்து மாறியதேயன்றிச் சொல்லின் கட்டுமானம் மாறவில்லை.

பிரியதர்ஷினியின் கதை இன்னும் சுவையானது. அன்போடு நோக்குபவள், காண இனியவள் என்று இரு வகையாகவும் அதற்குப் பொருள் கொள்ளலாம். இந்திரா காந்தியின் பெயரில் அது இருந்தபடியால் ஒரு காலத்தில் இந்தியாவிலும் இலங்கையிலும் பிரியதர்ஷினிகள் பெருகினார்கள். ஆனால் அதன் ஆண்பால் வடிவம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கல்லில் வெட்டப்பட்டுவிட்டது. அசோகச் சக்கரவர்த்தி தன் கல்வெட்டுக்களில் தன்னைக் குறிப்பிடும் ‘பியதஸி’ என்ற பெயர் அதுவேதான்.

பட்டியல்கள் அடிக்கடி தவறுவது தாமரைப் பெயர்களில். நளினி, பத்மினி, கமலினி, சரோஜினி எல்லாவற்றுக்கும் எதிரே ‘தாமரை’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தாமரை என்றால் பத்மா, கமலா என்றே நிறுத்தியிருக்கலாமே. ‘இனி’ வந்தபின் அது தாமரையன்று, தாமரைகளை உடையது. அதாவது தாமரைக் கொடி, அல்லது தாமரைத் தடாகம். ஒரு பூவுக்கும் ஒரு குளத்துக்கும் உள்ள வித்தியாசம் சிறியதா? பத்மினி என்று மகளுக்குப் பெயர் வைத்தவர் ஒரு பூவை அல்ல, ஒரு தடாகத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். கமலினி என்ற பெயர் சைவர்களுக்கு மிக நெருங்கியது. கயிலையில் உமையின் சேடியராயிருந்த இருவர் கமலினியும் அநிந்திதையும். அவர்களே திருவாரூரில் பரவையாராகவும் ஞாயிறு என்ற ஊரில் சங்கிலியாராகவும் பிறந்து சுந்தரரை மணந்தார்கள் என்பது பெரியபுராணம் சொல்லும் கதை.

தரங்கம் என்பது அலை. அலைகளை உடையவள் தரங்கிணி, அதாவது ஆறு. 12 ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து அரசர்களின் வரலாற்றை எழுதிய கல்ஹணர் தன் நூலுக்கு ‘ராஜதரங்கிணி’, அரசர்களின் ஆறு என்று பெயர் வைத்தார். யாமங்களை உடையவள் யாமினி, அவள் இரவு. மெல்ல நடப்பவள் மந்தாகினி. அது ஆகாய கங்கையின் பெயர். மகிழ்விப்பவள் நந்தினி, வசிட்டரின் பசுவுக்கும் அதுவே பெயர், மகள் என்ற பொருளும் அதற்கு உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இந்த இரு பெயர்களும் சேர்ந்தே நினைவுக்கு வரும். ஈழத்துக் காட்டில் திரிந்த ஊமை ராணி மந்தாகினி. அவள் மகள் நந்தினி. எழுத்துப் பொருத்தம் பார்க்கும் பெற்றோருக்குக் கல்கியும் முன்னோடிதான் போலும்.

சாலினியைப் பற்றி ஒரு வார்த்தை. சினிமா நடிகையின் பெயரென்று நினைத்து ‘ஷாலினி’ வைப்பவர்கள் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியைப் புரட்டிப் பார்க்கலாம். பாலை நிலத்தில் தெய்வம் ஏறப்பெற்று ஆடும் எயினர் குலப் பெண்ணை இளங்கோ சாலினி என்றே குறிப்பிடுகிறார். பட்டியல்களோ ‘அடக்கமானவள்’ என்று பொருள் சொல்கின்றன. வடமொழி அகராதியில் அந்தப் பொருளுக்கும் இடமுண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தமிழில் அந்தப் பெயர் முதலில் ஒலித்த இடம் அடக்கத்துக்குரிய இடமன்று. வேடர்கள் சூழ்ந்து நிற்க அவள் ஆவேசித்துப் பேசுகிறாள்.

இந்த ‘உடையவள்’ வரிசையில் நாம் தினமும் சொல்லிக் கவனியாமல் விட்ட பெயரொன்றும் உண்டு. 1982 இல் தொடங்கப்பட்ட நமது தேசியத் தொலைக்காட்சியான ரூபவாஹினி. உருவங்களைச் சுமந்து வருபவள் என்று பொருள். இலக்கணப்படி அவளும் ஒரு பெண்.

இரண்டாவது வகைக்கு வருகிறேன். இந்திராணி, பவானி, ருத்திராணி, சர்வாணி, சிவானி. இவற்றின் ஈறும் காதுக்கு அதே எழுத்துத்தான். ஆனால் இங்கே நிற்பது ‘ஆனீ’ என்ற வேறு விகுதி. இப்பெயர்களில் அது சொல்வது மனைவி என்ற உறவை. இந்திரனின் மனைவி இந்திராணி. பவன் என்பது சிவனின் பெயர். அவன் மனைவி பவானி. நமது பாட்டிமார் காலத்தில் இந்திராணிகளும் பவானிகளும் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். பவானி அம்பாளின் பெயர் என்ற பக்தியில் வைக்கப்பட்டதேயன்றிக் குழந்தையை யாருக்கோ மனைவியாக எழுதிவைக்கும் எண்ணம் எவருக்கும் இருந்திராது. இருந்தும், இன்று பொருள் கேட்டுப் பெயர் வைக்கிறோம் என்று சொல்பவர்கள் சிவானி என்ற பெயரைப் புதுமையென்று தெரிவு செய்யும்போது, பிறந்து முப்பத்தொரு நாளான பிள்ளையின் பெயர் ‘இன்னாருடைய மனைவி’ என்று தொடங்குவதை அறிந்துதான் செய்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

மூன்றாவது வகை மகள். தக்கனின் மகள் தாட்சாயணி. இந்தப் பெயரைப் பற்றிக் கந்தபுராணத்தில் ஓர் அருமையான இடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. ஆண்டுதோறும் கோயில்களில் புராண படனம் கேட்டு வளர்ந்த மக்கள் நாம். அந்தப் புராணத்தில், சிவனை இகழ்ந்த தக்கனின் வழியாக வந்த தாட்சாயணி என்ற பெயரையும் அவனிடம் வளர்ந்த உடலையும் இனித் தாங்கமாட்டேன் என்று உமை தன் நாயகனிடம் சொல்கிறாள். பெயரை நீக்குவதற்காக உடலையே நீக்கி, இமவானிடம் மறுபடி பிறக்கிறாள். தகப்பன் பெயரைச் சுமக்க மறுத்த ஒரு மகளின் கதை நமது கோயில் மண்டபங்களில் இத்தனை காலமாகப் படிக்கப்பட்டு வந்திருக்கிறது. பொருள் சொன்னவர்கள் இந்த இடத்தை ஏனோ விரைவாகக் கடந்துவிட்டார்கள். மறுபிறப்பில் அவளுக்குக் கிடைத்த பெயர் பார்வதி. அதுவும் மலையரசன் மகள் என்பதே. தேவிக்கே தகப்பன் பெயரிலிருந்து தப்ப முடியவில்லை.

இவை தவிர, மேற்படி எந்த வகையிலும் சேராத ‘னி’களும் உண்டு. ஜனனி பெற்றவள், தாய். அவனியும் தரணியும் பூமி. வாணி சொல். ஹரிணி பெண்மான். ரஜனி இரவு, இரவுக்கு நாயகனான சந்திரனே ரஜனிகாந்தன். இதனால்தான் தமிழ்நாட்டில் ரஜனி என்றால் ஆணும் நமது நாட்டில் ரஜனி என்றால் பெண்ணும் நினைவுக்கு வருகிறார்கள். 1989 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மருத்துவ பீட விரிவுரையாளர் ரஜனி திராணகமவை மறந்துவிட்டு அந்தப் பெயரை என்னால் உச்சரிக்க முடிவதில்லை. ‘னி’யில் முடிந்தால் பெண்தான் என்ற உறுதியும் இலங்கையில் செல்லாது. 1972 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘நிதானய’ படத்தில் கதாநாயகி மாலினி பொன்சேகா, கதாநாயகன் காமினி பொன்சேகா. சிங்களக் காமினி ஊர்த்தலைவன் என்று பொருள்படும் ‘காமணி’யிலிருந்து வந்தவன், துட்டகைமுனுவின் பெயரில் இருப்பதும் அதுவே. வடமொழிக் காமினியோ விருப்பம் மிக்க பெண். தமிழ் எழுத்தில் எழுதும்போது இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள்.

இனி, பொருளே இல்லாத பெயர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நமது பிள்ளைகளுக்கு வைக்கப்பட்ட டிலுஷினி, நிலுஷினி, தனுஷினி, நிரோஷினி போன்றவற்றைச் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் எந்த மொழி அகராதியிலும் இடமில்லை. ‘உடையவள்’ என்ற விகுதி மாத்திரம் பளபளவென்று இருக்கிறது; எதை உடையவள் என்றால் பதில் இல்லை. நிரோஷினிக்குக் கோபமற்றவள் என்று பட்டியல்கள் பொருள் கற்பிக்கின்றன. ரோஷம் வடமொழியில் கோபம். தமிழில் அது மானம். ‘உனக்கு ரோசமில்லையா’ என்று கேட்கும் மொழியில் ரோஷமற்றவள் என்பது வாழ்த்தா, வசவா? அதிலும் ‘நிர்’ என்பது இல்லாமை, ‘இனி’ என்பது உடைமை. இல்லாமையை உடையவள்!

ஆனால் இந்தப் பெயர்களைச் சிரித்துவிட்டுத் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. 1983 ஜூலைக்குப் பின்னர் கொழும்பில் வாழ்ந்த, நான் அறிந்த குடும்பங்கள் சிலவற்றில், பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிள்ளை தமிழா சிங்களமா என்று தெரியாதிருக்க வேண்டும் என்பதே பெயர் வைப்பதற்கான முதல் நிபந்தனையாக இருந்தது. வள்ளியம்மை என்றோ பரமேஸ்வரி என்றோ பேருந்தில் சத்தமாகக் கூப்பிட முடியாத காலம் அது. நிரோஷினியும் தில்ஷானியும் இரு பக்கத்துக்கும் பொதுவாக ஒலித்தன. பொருளின்மையே அங்கு பாதுகாப்பு. பயத்தில் பிறந்த அந்த மோகம் பயமில்லாத ரொறன்ரோவுக்கும் ஒஸ்லோவுக்கும் கப்பலேறிப் போனதுதான் எனக்கு விளங்கவில்லை.

அகராதி தரும் பொருளுக்கு மேலாக ஊர் தரும் பொருளும் பெயர்களுக்கு உண்டு. குமுதம் என்பது ஆம்பல். ஆம்பற் பொய்கை குமுதினி. இரவில் மலரும் பூக்கள் நிறைந்த நீர்நிலை. பெண் பிள்ளைக்கு இதைவிட அழகான பெயர் கிடைப்பது கடினம். ஆயினும் தீவுப்பகுதி மக்களிடம் குமுதினி என்று சொல்லிப் பாருங்கள். நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய படகின் பெயர் அது. 1985 மே 15 அன்று நடுக்கடலில் அந்தப் படகு மறிக்கப்பட்டு, பயணம் செய்த பொதுமக்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் சிறு குழந்தைகளும் அதில் அடக்கம். அன்றிலிருந்து எந்தப் பட்டியலிலும் எழுதப்படாத ஒரு பொருள் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. நெடுந்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவர் மகளுக்கு அந்தப் பெயரைத் தவிர்த்தாலும் எனக்கு விளங்கும். வேண்டுமென்றே அதையே வைத்தாலும் விளங்கும்.

புலம்பெயர் நாடுகளில் நிலைமை வேறு விதமாகச் சிக்கலடைந்திருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் இருந்ததில்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து பிள்ளையின் பெயருக்கு முன்னே சிறிதாக நின்றது; அவ்வளவே. வெளிநாட்டுப் படிவங்கள் அதை ஏற்கவில்லை. ஆகவே வீட்டில் நந்தினியாக இருப்பவள் பாடசாலையில் நந்தினி சிவநேசன் ஆகிறாள். அவள் பெயரின் கடைசி எழுத்து இப்போது ‘னி’ அன்று, தகப்பனின் ‘ன்’. ஆசிரியர் அவளைச் சிவநேசன் என்றே விளிக்கக்கூடும். மணமானபின் சிவநேசன் போய்க் கணவன் பெயர் வருகிறது. தாட்சாயணியாக இருந்தவள் பவானியாகிறாள். ஈற்றெழுத்துக்காக இத்தனை பாடுபடும் பெற்றோர், உத்தியோகபூர்வமான ஈறு தம் பிள்ளைக்குச் சொந்தமில்லை என்பதை யோசிப்பதில்லை. சொந்தமாக மிஞ்சுவது அந்த முதற்பெயர் ஒன்றே. அதுவாவது அவளை எதையாவது உடையவளாகச் சொல்லட்டும் என்பதே நான் வாதாடுவது.

பெயரைக் கேட்டுப் பெண்ணா ஆணா என்று அறிய வேண்டுமென்ற பிடிவாதம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜேர்மனியில் ஒரு பெண் குழந்தைக்குக் ‘கிரண்’ என்ற இந்தியப் பெயரை வைக்கப் பதிவாளர் மறுத்த வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. பாலினத்தைக் காட்டவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரை மறுக்க முடியாது என்று 2008 டிசம்பரில் அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கிரண் என்றால் கதிர். இந்தியாவில் இருபாலாருக்கும் அந்தப் பெயர் உண்டு.

எழுத்து வேறுபாட்டைச் சொல்வதாக வாக்களித்திருந்தேன். வடமொழியில் சொல்லின் முற்பகுதியில் ‘ர’, ‘ஷ’ போன்ற ஒலிகள் இருப்பின் பின்னால் வரும் ‘ன’ பெரும்பாலும் ‘ண’வாகும். ரோகிணி, தரங்கிணி, ருக்மிணி என்பன அவ்வாறு வந்தவை. மாலினி, நளினி, யாமினி என்பவற்றில் அந்தக் காரணம் இல்லை. இந்த விதிப்படி பார்த்தால் நல்ல பேச்சுடையவள் சுபாஷிணியே. நாமெல்லாம் சுபாஷினி என்று எழுதுகிறோம். யாழ்ப்பாணத்தில் இதற்கு மேலும் ஒரு படி போய் றோகினி, றஞ்சினி, றாகினி என்று வல்லின ‘ற’வில் தொடங்குவோம். பழகிவிட்ட பெயரைத் திருத்தச் சொல்லும் பண்டிதத்தனம் எனக்கில்லை. ஆனால் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ரோகிணி, அடையாள அட்டையில் றோகினி, உறுதியில் ரோஹினி என்று ஒருத்தி மூவராகி, காணி மாற்றும் நாளில் அவள் தானே என்று நிரூபிக்கச் சத்தியக்கடதாசி முடித்துத் திரிவதைப் பல தடவை கண்டிருக்கிறேன். முதல் நாளில் எந்த எழுத்து என்று முடிவுசெய்து அதையே எங்கும் எழுதுவது புத்திசாலித்தனம்.

எல்லாம் வடமொழியாகவே இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு, தமிழிலும் இந்த ஈறு பழையது. போர்க்காலத்தில் வடக்கில் தூய தமிழ்ப் பெயர்கள் பரவியபோது யாழினியும் தமிழினியும் பெருகினார்கள். யாழை உடையவள் என்று கொண்டாலும், யாழ் போல இனியவள் என்று கொண்டாலும் யாழினி நிற்கும். தமிழினி என்ற பெயரை ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலின் வழியாக உலகத் தமிழர் அறிவர். 2015 இல் அவர் மறைந்த பின்னர் அந்த நூல் வெளிவந்தது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சிவகாமி. தமிழினி இயக்கத்தில் ஏற்ற பெயர். புத்தக அட்டையில் நிற்பது பின்னதே.

இன்னும் பின்னே போனால் சங்ககாலம். எயினர் குலப் பெண் எயினி. குறமகள் இளவெயினி, பேய்மகள் இளவெயினி என்று இரு பெண் புலவர்கள் புறநானூற்றில் இருக்கிறார்கள். அண்மைக்காலத்தில் சிலர் பிள்ளைகளுக்கு இளவெயினி என்று வைக்கிறார்கள், நல்ல தெரிவு. பேய்மகள் இளவெயினி பாடிய பாட்டில், சேர மன்னனின் வெற்றியைப் பாடிய பாடினி பொன் அணிகள் பெறுகிறாள், அவளுடைய பாணன் வெள்ளி நாரில் கோத்த பொற்றாமரை பெறுகிறான். பாடினி என்ற சொல்லைக் கவனியுங்கள். பாணனின் மனைவி என்று உரைகாரர்கள் சொன்னாலும், சொல் அவளைக் கணவனோடு சேர்த்துக் கட்டவில்லை. அவள் பாடுகிறாள், ஆகையால் பாடினி.

நச்செள்ளையார் என்ற புலவரின் பெயரோடு அந்தச் சொல் இன்னும் அழுத்தமாக ஒட்டிக்கொண்டது. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கையை வைத்து அவர் பாடிய குறுந்தொகைப் பாட்டினால் காக்கைபாடினியார் ஆனார். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தும் அவருடையதே. அதற்காக ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், நகை செய்து அணிந்துகொள்ள ஒன்பது காப் பொன்னும் நூறாயிரம் காணமும் கொடுத்தான் என்று அந்தப் பத்தின் பதிகம் சொல்கிறது.

பாடினி என்ற பெயரை எவரும் தம் பிள்ளைக்கு வைத்ததாக நமது பத்திரிகைகளின் பிறந்தநாள் வாழ்த்துப் பக்கங்களில் இதுவரை நான் காணவில்லை. சோதிடத்தில் அக்கறையுள்ளவர்களுக்கும் ஒரு தகவல்: உத்தர நட்சத்திரத்தின் மூன்றாம் பாதத்தில் பிறக்கும் பிள்ளைக்குச் சொல்லப்படும் முதல் எழுத்து ‘பா’.